எல்லாரும் வியாழக்கிழமைக்காரிகள்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் பெரிசாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்லக் கூடாது பாருங்கள். அந்த ஏழாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் என்னென்ன செய்தேன் என்று கேளுங்கள். பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடை மாடியில், கோணிப்பை நாற்றம் போகாத ஒரு குடோனை, ரோட்டில் நின்று தொழில் செய்யும் பெண்களுக்கான கிளினிக் ஆக்கினேன். “அந்தப் பொம்பளைங்க என் படியேறக் கூடாது” என்று குதித்த கட்டடச் சொந்தக்காரர் ஆறே மாதத்தில் மூட்டுவலி என்று அதே படியேறி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். பீடாக் கடை, டீக்கடை, கட்டணக் கழிப்பறை என்று எல்லா இடத்திலும் காண்டம் டப்பா வைத்தது நான்தான். பையில் காண்டம் இருந்தாலே பெண்களைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ் ஸ்டேஷனில், அதே காண்டத்தைப் பற்றி நின்றுகொண்டு வகுப்பு எடுத்ததும் நான்தான். இன்ஸ்பெக்டர் எனக்குக் காபி வரவழைத்தார். முன்னே கைதியாகப் போனவர்களில் யாருக்காவது அங்கே காபி வந்ததா, கேட்டுப் பாருங்கள்.

இப்போது நம் ஆஃபீஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு டிகிரி இருக்கிறது, கையில் டேப் இருக்கிறது, அதில் மேப் இருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்த மேப்பில் எந்தப் புள்ளி எங்கே நிற்கும், மழை வந்தால் எங்கே ஒதுங்கும் என்று சொன்னவர்கள் நாங்கள். ரிப்போர்ட்டில் போடுகிறீர்களே, இத்தனை பேருக்குத் தொற்று, இத்தனை சதவீதம் என்று, அந்தச் சதவீதத்துக்கு ரத்தம் கொடுக்க ஒவ்வொருத்தியும் கை நீட்டினாள். அந்தக் கையை நீட்ட வைத்ததில் என் பங்கு என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு தப்பையும் எழுதுகிறேன். அதுவும் என்னுடையதுதான். யாரும் பங்கு கேட்க வர மாட்டார்கள்.

நான் ஆஸ்டின் டவுன் ஆள். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். எயிட்ஸ் என்ற வார்த்தை அப்போதுதான் பஸ் முதுகில் விளம்பரமாக வர ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஒரு டாக்டரம்மா ஏறினார். மெஜஸ்டிக்கில் பெண்கள் நிற்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்றார்.

“அங்க உங்கள மாதிரி லேடீஸ் போக மாட்டாங்கம்மா.”

“நிக்கறதே லேடீஸ்தானே?”

மீட்டரைப் போட்டேன்.

அந்த அம்மா பேரை எழுத மாட்டேன், எழுதினால் திட்டுவார். அன்றைக்கு அவர் இறங்கி வணக்கம் சொன்னார், எல்லாப் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, “அக்கா, போலீஸ் இல்ல, டாக்டரு” என்றேன். உடனே கூடிவிட்டார்கள். என் வண்டி அவர்களுக்குத் தெரியும், போலீஸுக்குப் பயந்து ஓடும்போது ஏற்றிக்கொண்டு போன வண்டி அது. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் நான் அவுட்ரீச் ஒர்க்கர், அதாவது பெண்கள் நிற்கும் இடத்துக்கே போய் வேலை பார்க்கிறவன்; ஆட்டோவையும் விடவில்லை. வேலைக்கான படிவத்தில் படிப்பு என்ற இடத்தில் ‘மெஜஸ்டிக்’ என்று எழுதச் சொன்னேன். எழுதவில்லை, அது வேறு விஷயம்.

முதல் பாடம் காண்டம் மாட்டிக் காட்டுவது. ஆஃபீஸில் இருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள், ரத்னக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப்பேர் அதுவல்ல. கோலார் பக்கத்துக்காரி. தமிழில் ஆரம்பித்தால் கன்னடத்தில் முடிப்பாள். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“ஆட்டோண்ணா, வாழைப்பழத்துக்கு எயிட்ஸ் வராம காப்பாத்தவா இத்தனி பேரு வந்துக்கீறீங்க?”

சொல்லிவிட்டு, உறையைக் கழற்றிப் போட்டு, பழத்தை உரித்துத் தின்றாள். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

நான் நேராக ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு ஆச்சாரியிடம் போனேன். மரத்தில் கடைந்து தரவேண்டும், ஒரு டஜன், டாக்டருக்கு என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார். “கட்டில் காலுன்னு நெனச்சுக் கடைஞ்சுடறேன்பா. மத்தத எங்கிட்ட சொல்லாத” என்றார். கடைந்து, வார்னிஷ் அடித்து, காய்வதற்கு ஜன்னலில் வரிசையாக நிறுத்திவிட்டார். அந்த வழியாகப் போன பெரியவர் ஒருத்தர், “செஸ் காயா ஆச்சாரி? எல்லாமே ராஜாவா இருக்கே” என்று கேட்டுவிட்டுப் போனாராம். அந்த டஜனை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு பஸ் ஸ்டாண்டே சிரித்தது. சிரித்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். ரத்னக்கா கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டிக் காட்டினாள், பந்தயம் வைத்து.

இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்வேன், எனக்குப் பேர் வாங்கித் தந்த கதை. இனி சொல்லப்போவது அவ்வளவாகச் சொல்லாத கதை.

கிளினிக் நன்றாக ஓட ஆரம்பித்தது. பால்வினை நோய்க்கு மருந்து வாங்க தினமும் கூட்டம். மற்ற நாளில் ஒரு சின்ன டாக்டர் இருப்பார். எச்.ஐ.வி. பாசிட்டிவ் ஆனவர்களைப் பார்ப்பது எங்கள் டாக்டரம்மாதான். அந்தக் காலத்தில் அவர்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரே அபூர்வம். அவருக்கு வேறு ஆஸ்பத்திரியில் வேலை, எங்களுக்கு வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் வருவார். எடை பார்க்கவேண்டும், இருமல் பார்க்கவேண்டும், அழுகையைக் கேட்கவேண்டும். ஒருத்திக்கு அரைமணி ஆகும். பெஞ்சில் காத்திருக்கும் மற்றவர்கள், “உள்ள இன்னா, படம் ஓட்டறாங்களா?” என்று கத்துவார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் சொன்னேன்: “வியாழக்கிழமை மத்தவங்களுக்கு லீவு விட்டுடலாம்மா. இவங்க மட்டும் வரட்டும். கூட்டமில்ல, கூச்சலில்ல, பாக்கறதுக்கு ஆளே இல்ல. ரகசியத்துக்கு ரகசியம்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “யோசிச்சுதான் சொல்றீங்களா?”

“கூட்டத்தப் பத்தி ஆட்டோக்காரனுக்குத் தெரியாததாம்மா?”

முதல் வியாழக்கிழமை கிளினிக் கோயில் மாதிரி இருந்தது. காலி பெஞ்சு, ஃபேன் சத்தம். ஒவ்வொருத்தியாக வந்து நிதானமாகப் பேசிவிட்டுப் போனார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட மூளை ஆஸ்டின் டவுனில் வேறு யாருக்கு இருக்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

ஒரு மாதம் போனது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண்களுக்குள் சண்டை, இடத்துக்காக. ஒருத்தி கையை ஓங்கிச் சொன்னாள்: “போடி வியாழக்கிழமைக்காரி!” எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மெஜஸ்டிக்கில் வியாழக்கிழமை என்றால் பாதிப் பேர் ராகவேந்திரர் மடத்துக்குப் போவார்கள். சாமி கும்பிடுவதைப் போய் வசவாகச் சொல்கிறாளே என்று அவளைக் கோபித்துக்கொண்டேன். “அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது பாவம்” என்று பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது.

யாரை ஏமாற்றப் பார்த்தேன் நான்? ஒரு ஆள் நடந்து வரும்போதே அவன் கஸ்டமரா, மஃப்டி போலீஸா, சும்மா பல்லிளித்துவிட்டுப் போகிறவனா என்று தெரிந்துகொண்டு பிழைக்கிறவர்கள் அவர்கள். பார்ப்பதுதான் அவர்கள் தொழிலில் பாதி. அவர்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு மாடிப்படி. மற்ற நாளில் நாற்பது பேர் ஏறுவார்கள், வியாழக்கிழமை ஏழு பேர். கூட்டிக் கழிக்க ஏழாம் வகுப்புகூட வேண்டாம். நான் படியில் ஆளில்லாமல் செய்து ரகசியம் காப்பாற்றினேன் என்று இருந்தேன். ஆளில்லாத படியில் ஏறுகிறவளைத்தான் ஊரே பார்க்கும்.

அந்த ஏழு பேரில் ஒருத்தியை மல்லிகா என்று எழுதுகிறேன். அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். இருமல் மூன்று வாரமாக நிற்கவில்லை, டிபியாக இருக்கலாம், உடனே பார்க்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் இரண்டு வியாழக்கிழமை வரவில்லை. தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பின்பக்கம் பூக்காரம்மாவின் கூடைக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா வரல?”

“வந்து?”

“டாக்டரம்மா கேட்டாங்க.”

“அண்ணா, உங்க ஆட்டோல மீட்டர் மாட்டிக்கிறீங்க இல்ல, அது மாதிரி என் நெத்தில ஒண்ணு மாட்டி உட்டுட்டீங்க. எல்லாரும் பாத்துட்டுப் போறாங்க.”

விஷயம் இதுதான். மல்லிகாவும் இன்னும் மூன்று பேரும் ரத்னக்கா பிடித்திருந்த ரூமில் இருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே தட்டு அலமாரி. இரண்டு வாரத்துக்கு முன்னால் மல்லிகாவின் தட்டும் டம்ளரும் அலமாரியில் இருந்து இறங்கி, வாசல் பக்கத் துடைப்பத்தோடு சேர்ந்துவிட்டன. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரத்னக்கா மட்டும் சொன்னாள், அதுவும் ரொம்ப அமைதியாக: “ஒனக்கு ஒண்ணும் இல்லன்னா வியாழக்கிழமை ஏன் போறே? இன்னொரு வாட்டி அந்தப் படி ஏறினேன்னு கேட்டேன், பொட்டி ரோட்டுல இருக்கும்.”

படியேறினால் ரூம் போகும். ஏறாவிட்டால் உயிர் போகும். இதை உண்டாக்கினது நான்.

உடனே சரிசெய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன் பாருங்கள், அது இரண்டாவது தப்பு. சிவாஜி நகரில் தெரிந்த வீட்டில் ஒரு புர்கா இரவல் வாங்கினேன். அடுத்த வியாழக்கிழமை மல்லிகாவுக்கு அதைப் போட்டு, ஆட்டோவில் வைத்து, இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். முகம் தெரியவில்லை, கை தெரியவில்லை. நான் எதிர்பார்க்காதது இருமல். படியில் கால் வைத்ததும் இருமினாள். கீழே டீக்கடை பாய் கெட்டிலை இறக்கிக்கூட வைக்காமல் உரக்கக் கேட்டார்:

“க்யா மல்லிகாக்கா, எங்காளுங்க வூட்டுல கல்யாணமா? எனக்கே தெரியாதே!”

எதிர்ப்பக்கம் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

மேலே போய் புர்காவைக் கழற்றி என் மேலேயே எறிந்தாள். டாக்டரம்மா நடந்ததை எல்லாம் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

“கூட்டம் இருந்ததால இவங்க யாருன்னு யாருக்கும் தெரியாம இருந்துது. கூட்டத்த நீங்க எடுத்துட்டீங்க. நானும் சரின்னுட்டேன். அதனால தப்புல பாதி எனக்கு.”

“அதெல்லாம் இல்லம்மா, முழுசும் எனக்குத்தான்” என்றேன். தப்பைக்கூட விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

“கெழமைய மாத்திடலாமா?” என்று கேட்டேன்.

மல்லிகா சிரித்தாள், இருமலோடு. “ஒரு வாரம் செவ்வாய்க்கிழமைக்காரி ஆவேன். அப்புறம் புதன். காலண்டர் தீந்தா என்னாண்ணா செய்வீங்க?” பிறகு சொன்னாள்: “என்னை மறைக்காதீங்க. எல்லாரையும் வியாழக்கிழமைக்காரி ஆக்கிடுங்க.”

இந்த வாக்கியத்தை நான் சொன்னதாகப் பல மீட்டிங்கில் பேசியிருக்கிறேன். நான் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். ஆனால் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. செய்தது நான்.

டாக்டரம்மா அன்றைக்கே சளி எடுத்து அனுப்பினார். முடிவு அடுத்த வியாழக்கிழமை வரும், மாத்திரையும் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கவேண்டும். எனக்கு ஒரு வாரம் இருந்தது. மல்லிகாவின் பெட்டிக்கும் ஒரு வாரம்தான். டீக்கடைக் கதை ரத்னக்கா காதுக்குப் போய்விட்டது. நான் போய்க் கெஞ்சினேன். “உங்களுக்காக ஒரு வாரம் உடறேன் ஆட்டோண்ணா. மறுபடி போனா, அஷ்டே, அவ்ளோதான்” என்றாள்.

வியாழக்கிழமை எல்லாரும் வரவேண்டும் என்றால் எதற்கு வருவார்கள்? வளையல் கொடுக்கலாமா, பிரியாணி போடலாமா என்று ஆஃபீஸில் பேச்சு. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஒரு வாரத்தோடு சரி. எனக்குத் தெரியும் அந்தப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று. ரேஷன் கார்டு. அட்ரஸுக்கு ஆதாரம் இல்லை, புருஷன் பேர் இல்லை, ஃபாரம் எழுதத் தெரியாது. ஆஃபீஸ் வாசலில் புரோக்கர் ஏமாற்றுவான். கார்டு இல்லாமல் மண்ணெண்ணெய் இல்லை. ரத்னக்காவே இரண்டு தடவை போய் அலைந்து திரும்பி வந்தவள்.

என் ஆட்டோவில் வழக்கமாக வரும் ஒரு சார் இருந்தார். சர்க்கார் ஆஃபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். தாத்தா காலத்திலேயே மைசூர் ராஜாங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். அவரிடம் வண்டியிலேயே கேட்டேன்.

“சார், கொஞ்சம் பொம்பளைங்களுக்கு ரேஷன் கார்டு ஃபாரம் எழுதித் தரணும்.”

“எந்தப் பொம்பளைங்க?”

“மெஜஸ்டிக் பொம்பளைங்க.”

கண்ணாடியில் பார்த்தேன், வேட்டி நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

“அங்கே ஃபேன் இருக்கா?” என்றார்.

“இருக்கு சார்.”

“சரி, வரேன். ரெண்டு பேனா நானே கொண்டுவரேன்.”

அடுத்தது என்ன செய்தேன், டாக்டரம்மாவிடம் போய், “ஃபாரம் வேணும்னா முதல்ல டாக்டரைப் பாக்கணும்னு ரூல் போட்டுடலாம்” என்றேன். அதுதான் அவர் என்னை நிஜமாகவே அதட்டின ஒரே தடவை.

“ரேஷன் கார்டக் காட்டி ரத்தம் எடுக்கறதா? அப்போ லத்தியக் காட்டி இழுத்துட்டுப் போறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஃபாரம் கேக்கறவளுக்கு ஃபாரம். டாக்டர் கேக்கறவளுக்கு டாக்டர். அவ்வளவுதான்.”

சரி. நிபந்தனை கிடையாது. ஆனால் யார் எதற்கு வந்தாள் என்று வெளியே தெரியவும் கூடாது. இங்கேதான் ஆட்டோக்காரன் மூளை வேலை செய்தது. பெங்களூரில் நெரிசலுக்கு என்ன செய்வார்கள்? ஒன்வே. கிளினிக்குக்குப் பின்னால் குடோன் காலத்துப் பின்படி ஒன்று இருந்தது, சாமான் அடைத்துக் கிடந்தது. நானே ஒரு நாள் முழுக்கச் சாமானை அப்புறப்படுத்தினேன். முன்படி ஏறு, பெஞ்சில் உட்கார், ஒரே கலர் டோக்கன் வாங்கு, நடைக்குள் போ. நடையில் ஒரு பக்கம் டாக்டரம்மா, ஒரு பக்கம் ஹெட்கிளார்க் சார். முடிந்ததும் திரும்பி வரக்கூடாது, பின்படியால் இறங்கி அந்தத் தெருவுக்குப் போய்விடவேண்டும். பெஞ்சில் இருப்பவளுக்கு உள்ளே போகிறவள் தெரிவாள். எந்தக் கதவு, எத்தனை நேரம், எதுவும் தெரியாது. நோய்க்காகப் போட்ட ஒன்வே இந்த ஊரில் அது ஒன்றுதான், சவால் விட்டுச் சொல்கிறேன்.

மிச்சம் இருந்தது ரத்னக்கா. அவள் வந்தால் எல்லாரும் வருவார்கள், வராவிட்டால் ஒருத்தியும் வர மாட்டாள். நேராகப் போய்க் கூப்பிட்டால் வரவே மாட்டாள். அதனால் அவளுக்கு ஆகாத மார்க்கெட் பக்கத்துக் கூட்டத்திடம் போய், அவள் காதுக்குப் போகும்படி உரக்கச் சொன்னேன்: “ரேஷன் கார்டு சார் வியாழக்கிழமை மட்டும்தான் வராரு. உங்களுக்குத்தான் முதல்ல. மெஜஸ்டிக்காரங்க யாரும் வர மாட்டேன்னுட்டாங்க.”

புதன்கிழமை சாயந்திரமே ரத்னக்கா என் ஆட்டோவை மறித்தாள். “யாரு வரமாட்டேன்னது?”

“நீங்கதான்க்கா. வியாழக்கிழமை படியேறினா பொட்டி ரோட்டுல இருக்கும்னு.”

“அது வேற.”

“படி ஒண்ணுதான்க்கா.”

என்னை முறைத்த முறைப்பில் வண்டி தானாகவே நியூட்ரலுக்குப் போயிருக்கும்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கே படி நிறைந்துவிட்டது. மார்க்கெட் கூட்டம் ஒரு பக்கம், மெஜஸ்டிக் கூட்டம் ஒரு பக்கம். இது என்ன இலவசம் என்று தெரியாமலே வரிசையில் நின்ற சைக்கிள் கடைக்காரர் மனைவி நடுவில். பெஞ்சில் முதல் ஆள் ரத்னக்கா. மல்லிகா மெதுவாக ஏறி வந்தாள். காலியாக இருந்த ஒரே இடம் ரத்னக்காவுக்குப் பக்கத்தில். உட்கார்ந்தாள். பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் பெட்டி எந்தப் பக்கம் போகும் என்று எல்லாருக்குமே தெரியவேண்டியிருந்தது.

ரத்னக்கா நேராகப் பார்த்தபடி கேட்டாள்: “எதுக்கு வந்தே?”

“நீங்க எதுக்குக்கா வந்தீங்க?”

“ரேஷன் கார்டுக்கு.”

“நானும்தான்.”

பின்வரிசையில் ஒருத்தி, “நாங்க எல்லாரும் வியாழக்கிழமைக்காரிங்கதான் போ!” என்று கத்தினாள். பெஞ்சு, படி, கீழே டீக்கடைவரைக்கும் சிரிப்பு. ரத்னக்கா சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

ரத்னக்கா முதலில் ஹெட்கிளார்க் சாரிடம்தான் போனாள். மேஜைக்கு ஃபாரம் கட்டு கொண்டுபோனபோது கேட்டேன். சார் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

“தொழில்?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சுயதொழில்னு போடறேன். முதலாளி பேர் கேக்க மாட்டாங்க.”

“இருந்தாத்தானே சார் கேக்க” என்றாள் ரத்னக்கா.

“குடும்பத்துல வேற யாரு?”

அங்கேதான் ஃபோன் அடித்தது, நான் போய்விட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று அப்போது கேட்கவில்லை.

மல்லிகாவுக்கு டிபிதான். அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார் டாக்டரம்மா. அவள் பின்படி வழியாக இறங்கிப் போனபோது, கையில் மாத்திரை இருந்ததா, ஃபாரம் இருந்ததா என்று ஊருக்குத் தெரியாது. பெட்டி ரோட்டுக்கு வரவில்லை. ஆனால் தட்டு இன்னும் துடைப்பத்தோடுதான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒரே நாளில் எல்லாம் மாறினதாக நான் கதை கட்ட மாட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை ரத்னக்கா மறுபடி வந்தாள். ஃபாரம் வேலை அவளுக்கு முடிந்துவிட்டதே என்று நான் யோசித்தேன். டோக்கன் வாங்கினாள், நடைக்குள் போனாள். அரைமணிக்கு மேல் கழித்து அவள் பின்படியால் இறங்கிப் போனதைப் பின்தெருவில் நின்ற நான் பார்த்தேன். எந்தக் கதவுக்குள் போனாள்? எனக்குத் தெரியாது. நான் போட்ட ஒன்வேயில் எனக்கே தெரியாது, அதுதான் அதன் பெருமை. நான் கேட்கவில்லை. நீங்களும் இந்த வேலையில் எதை எதைக் கேட்கக் கூடாது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள், கேட்கவேண்டியதை டாக்டரம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்று மாதம் கழித்து மல்லிகா என் ஆட்டோவில் ஏறினாள். இருமல் இல்லை, கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. ரவிக்கைக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். ரத்னக்காவின் புது ரேஷன் கார்டு. குடும்பத் தலைவி ரத்னக்கா. கீழே கன்னடத்தில் ஒரு வரி. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கும்வரை காத்திருந்தாள். மல்லிகாவின் நிஜப் பேர். உறவு: தங்கை.

“எப்ப எழுதச் சொன்னாங்க?”

“மொத நாளே சொல்லிக்கிறாங்கண்ணா. எங்கிட்ட வாயே தொறக்கல. கார்டு வந்தப்புறம்தான், ‘சர்க்காரே எழுதிடுச்சு, இனிமே ஒன்ன எங்க தொரத்தறது’ன்னு சொல்லி தட்ட அலமாரில தூக்கி வச்சாங்க.”

அன்றைக்கு நான் மீட்டர் போடவில்லை. பெங்களூர் ஆட்டோக்காரன் மீட்டர் போடாமல், பணமும் வாங்காமல் போன சவாரி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். எத்தனை பேருக்குத் தொற்று இருக்கிறது என்று கணக்கெடுக்க ஆட்கள் வந்தபோது, மற்ற இடத்தில் ஓடி ஒளிந்தார்கள், எங்கள் படியில் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியின் பேரும் வெளியே போகாது என்று நோட்டீஸ் ஒட்டி நம்ப வைக்கவில்லை. பின்படி இருந்தது, நம்பினார்கள். பின்னால் சர்க்கார் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது மல்லிகா உயிரோடு இருந்தாள், வாங்கிச் சாப்பிட்டாள், பல வருஷம் வியாழக்கிழமை டோக்கன் கொடுத்தவளும் அவள்தான். பொம்மசந்திராவில் ஃபேக்டரி ஆட்கள் பக்கம் புது கிளினிக் திறந்தபோது அங்கேயும் முன்படி, பின்படி வைத்துக் கட்டினார்கள். யாரிடம் கேட்டுக் கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். நம் ஆஃபீஸில் இந்த வேலையைப் பற்றிப் பளபளவென்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் வியாழக்கிழமை கூட்டத்தின் படம் இருக்கிறது, முகம் தெரியாமல் பின்பக்கமாக எடுத்தது. கீழே ஒரு வரி: ‘உள்ளூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் உதவியுடன்.’ உதவியாம். ஒருவராம். நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆஃபீஸுக்கு வந்தால், வரவேற்பில் இருக்கும் பிள்ளை, “யாரைப் பாக்கணும் தாத்தா?” என்று கேட்கிறது.

அடுத்த பதிப்பு வரும்போது இப்படிப் போடுங்கள். வியாழக்கிழமையைக் கெடுத்தது நான். புர்கா யோசனையும் என்னுடையதே, அதை விட்டுவிடாதீர்கள். ஒன்வே நான் போட்டது. ஹெட்கிளார்க் சாரைக் கூட்டிவந்தது நான், ரத்னக்காவை வரவழைத்ததும் நான். என் பேரை முழுசாக, இனிஷியலோடு, படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போடுங்கள். அதற்கு மேலே ஒரு வரியைக் காலியாக விடுங்கள். மேலே, கீழே இல்லை. யோசனை சொன்னவளுக்கு அந்த இடம். அங்கே யார் பேர் வரவேண்டும் என்று யாராவது கேட்டால், அது ரேஷன் கார்டில் ஏறிவிட்டது, புத்தகத்தில் ஏறவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, எனக்குத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.